கண்ணாடி இல்லாத திரை

அன்று அலைக்கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். குரு எமில்டா, வயது முப்பத்தொன்று. சீடர் தொபியாஸ், வயது அறுபத்துநாலு. தேநீர் போடும் ரெஜினாள், வயதைக் கேட்டால் சொல்ல மாட்டாள். பூனையையும் சேர்த்தால் நாலு.

தொபியாஸ் முப்பத்தெட்டு வருஷம் விசைப்படகு இன்ஜின் பழுது பார்த்தவர். முதுகு போன பிறகு கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்று எமில்டாவிடம் வந்து சேர்ந்தார். ஏழு மாதம் ஆகிறது. தன் மகளைவிடச் சின்னவளை அவர் டீச்சர் என்று கூப்பிட்டார். அவள் அவரை மாமா என்றாள்.

கூடத்துக்கு ஒரே வேலை. தினமும் பகலில் கடலின் அலைப்படத்தை வரைந்து, கரையோரம் நாற்பத்திரண்டு ஊர்களின் போன்களுக்கு அனுப்ப வேண்டும். ஓர் ஊருக்கு நேரே சிவப்பு தெரிந்தால் அந்த ஊரில் படகு இறங்காது. தெரியாவிட்டால் நாலு மணிக்கு இறங்கிவிடும்.

அன்று மதியம் பார்த்தால் மானிட்டர் செத்துக் கிடந்தது. உப்புக்காற்று தின்றுவிட்டது. கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் படம் வரையும் மென்பொருள் மட்டும் முரண்டு பிடித்தது. திரையைக் காணோம், வரைய முடியாது என்று எமில்டாவின் லேப்டாப்புக்கு ஒரு வரி எழுதி அனுப்பியது. அந்த லேப்டாப்பில் எழுத்து மட்டும்தான் வரும்.

"முன்னால ஆள் உக்காராம பாட மாட்டேங்கிற பாகவதரா இது?" என்றாள் ரெஜினாள்.

"டவுனுக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வந்துரவா, டீச்சர்?"

"போக வர அஞ்சு மணி நேரம், மாமா. அதுக்குள்ள படகு இறங்கிரும்."

எமில்டா செத்த மானிட்டரின் ஒயரைப் பிடுங்கிப் போட்டாள்.

"கம்ப்யூட்டரோட நினைவுக்குள்ளேயே ஒரு திரை கட்டிரலாம். கண்ணாடி கிடையாது, வெளிச்சம் கிடையாது. மென்பொருள் அதுல வரையும். வரைஞ்சதை நாம படமா எடுத்துக்கலாம்."

"அப்போ இல்லாத திரையை இருக்குன்னு சொல்லப் போறோம்."

"ம்."

"அது பொய்யில்லையா, டீச்சர்?"

தொபியாஸ் பொய்க்குப் பயந்தவர். ஒரு போல்ட்டை மாற்றிவிட்டு இரண்டு என்று சொன்னதில்லை.

"வேலை முடியட்டும், சொல்றேன்" என்றாள் எமில்டா. திரை கட்டும் கட்டளையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். "அகலம், உயரம் ரெண்டையும் நீங்க போடுங்க. இன்னைக்குப் படம் உங்க கையில." காற்றளக்கும் கருவியில் யாரோ விட்ட பட்டத்தின் நூல் சிக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை எடுக்க மாடிக்குப் போனாள்.

தனியாகப் படம் அனுப்புவது தொபியாஸுக்கு இதுதான் முதல் தடவை. கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். அகலத்தைப் போட்டார். உயரத்தில் வந்து விரல் நின்றது. பழைய கம்ப்யூட்டர், பாவம். யாரும் பார்க்காத திரைக்கு முழு உயரம் எதற்கு? சொட்டு டீசலையும் மிச்சம் பிடித்துப் பழகிய கை. உயரத்தைக் குறைத்துப் போட்டார்.

மென்பொருள் முணுமுணுக்காமல் வரைந்தது. படத்தை எடுத்தார், அனுப்பினார், எண்ணினார். போனது நாற்பத்திரண்டு. சேர்ந்தது நாற்பத்திரண்டு. அப்போது மணி இரண்டரை.

பத்து நிமிஷத்தில் மணல்முனையிலிருந்து அவர் மருமகன் ரீகன் எழுதியிருந்தான். அதைத் தொபியாஸ் சத்தமாகப் படித்தார்.

"மாமா, எங்க பக்கம் சிவப்பே இல்ல. நாலு மணிக்கு இறக்குறோம்."

"அப்படிப் போடுங்க" என்று ரெஜினாள் அவர் டம்ளரில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டாள்.

எமில்டா மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தன் போனை எடுத்துப் படத்தைப் பார்த்தாள். கீழே இறங்கி வந்தாள்.

"எத்தனை ஊருக்குப் போச்சு, மாமா?"

"நாப்பத்திரண்டும் போயிருச்சு, டீச்சர்."

"படத்துக்குள்ள எத்தனை ஊர் இருக்கு?"

அதை அவர் எண்ணவில்லை.

"உயரம் எவ்வளவு போட்டீங்க?"

சொன்னார். "பாக்க ஆளில்லாத திரைதானே, டீச்சர். அதுக்கு எதுக்கு முழு அளவுன்னு..."

எமில்டா சுவரில் இருந்த கடற்கரை வரைபடத்தைக் கழற்றி மேசைமேல் விரித்தாள். அவர் சொன்ன உயரத்துக்கு அளந்து, மீதியைக் கீழ்ப்பக்கமாக மடித்தாள்.

"திரை இவ்வளவுன்னா படமும் இவ்வளவுதான், மாமா. உங்க மக வீட்டைத் தொட்டுக் காட்டுங்க."

தொபியாஸின் விரல் கரையோரமாக இறங்கியது. ஒவ்வோர் ஊராகத் தாண்டிக் கருந்துறைக்கு வந்தது. கருந்துறையைத் தாண்டியதும் மேசைப் பலகையைத் தொட்டது.

விரலை அவர் எடுக்கவில்லை.

மணல்முனை, ஓடைக்குடா, சிப்பிக்கரை. மூன்று ஊர்கள் மடிப்புக்கு அடியில் இருந்தன. மணி மூன்றாகப் பத்து நிமிஷம்.

"நீங்க போடுங்க, டீச்சர். நான் போட்டா மறுபடி தப்பிரும்."

"தப்பினா திருத்திக்கலாம். நான் பக்கத்துலதான இருக்கேன்." லேப்டாப்பை அவர் பக்கம் நகர்த்தினாள். மடிப்பைப் பிரித்து, வரைபடத்தை அவர் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

பழைய திரையைக் கலைத்தார். முழு உயரத்தைப் போட்டார். ஓர் எண் தப்பியது, அழித்தார், மறுபடி போட்டார். இந்தத் தடவை படம் வந்ததும் போனில் பெரிதாக்கி, ஊர் ஊராக விரல் வைத்து எண்ணினார். முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

கருந்துறைக்குத் தெற்கே மூன்றும் சிவப்பு.

அனுப்பிவிட்டு மருமகனுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். பூனை மேசையிலிருந்து குதித்தது. ரெஜினாள் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். மூன்றாவது தடவை எடுத்தான்.

"பாத்துட்டோம், மாமா. ஐஸ் ஏத்திக்கிட்டு இருந்தேன். இறக்கி வச்சுட்டேன்."

"மத்த ரெண்டு ஊருக்கும் சொல்லிரு."

"சொல்லியாச்சு."

"மாமனார் பேச்சை மருமகன் கேக்குறதை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள் ரெஜினாள்.

தொபியாஸ் ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார். நாலரை மணி.

"டீச்சர், மத்தியானம் கேட்டேனே. இல்லாத திரையை இருக்குன்னு சொன்னது பொய்தானே?"

எமில்டா வரைபடத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"இல்லாத திரையால யாரும் ஏமாறல, மாமா; அடி வெட்டுப்பட்ட படத்தாலதான் ஏமாற இருந்தாங்க. அந்த மூணு ஊர்லயும் கரையில எத்தனை படகு நிக்குதுன்னு கேளுங்க."

அவர் மருமகனிடம் கேட்டார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். மணல்முனை ஒன்பது. ஓடைக்குடா நாலு. சிப்பிக்கரை ஆறு. ஒரு தடவை கூட்டினார். சரிதானா என்று இன்னொரு தடவை கூட்டினார்.

"பத்தொன்பது."