கை நழுவிய கம்பு

பழைய கட்டுரைகளெல்லாம் புத்தகமாக வரப்போகின்றன. பத்திரிகையில் பத்தி எழுதிப் பேர் வாங்கிய தாணுலிங்கம் அவற்றைத் திரும்பப் படிக்க உட்கார்ந்தார். படிக்கப் படிக்க அலுப்புத்தான் வந்தது. இருபது வருஷத்து அரசியல், கலை, ஊர்ச் சண்டை. யாரோ ஒரு பயல் தன் பேரைத் திருடி எழுதியதுபோல் இருந்தது. எல்லாச் சண்டையிலும் அந்தப் பயலே ஜெயித்திருந்தான்.

ஒரு கட்டுரையை மட்டும் தாண்ட முடியவில்லை. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சின்ன வயதில் தனக்குச் சிலம்பம் சொல்லித்தந்த மரியான் ஆசானைப் பார்க்கப் போனார்.

சிலம்பம் பழகிய களரி இருந்த இடத்தில் இப்போது பைக் நிறுத்துகிறார்கள். ஆசான் ஓரமாக நாற்காலி போட்டு முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடே, வயிறு முதல்ல வருது. பின்னால நீ வாற."

தாணு சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

நல்லபெருமாள் நகராட்சித் தலைவராக இருந்தபோது அம்மன் கோயில் கொடைவிழாவில் கூத்து நடத்தத் தடை போட்டார். கூத்துக்காரர்கள் பிழைப்பில்லாமல் அலைந்தார்கள். தாணு அதைக் கண்டித்து எழுதினார். அது சரியான அடி. மறு வருஷம் பொதுக்கூட்டத்தில் நல்லபெருமாளே எழுந்து, நான் செய்தது தப்பு என்று சொல்லித் தடையை எடுத்தார். அதற்கப்புறம்தான் தாணு 'மைக் கிடைத்த மனசாட்சி' என்று அவரைக் கிண்டலடித்து எழுதினார். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. டீக்கடையில் நல்லபெருமாளுக்கு மனசாட்சி என்றே பேராகிவிட்டது. பதில் எழுத அரைப் பக்கம் கேட்டுப் பத்திரிகை ஆபீஸ் படியேறி வந்தார். இடமில்லை என்று திருப்பி அனுப்பியதும் தாணுதான்.

இப்போது பதிப்பாளர் அந்தக் கிண்டல் கட்டுரைதான் புத்தகத்தில் முதலில் வரவேண்டும் என்கிறார். தாணுவுக்கோ அது புத்தகத்திலேயே வேண்டாம்.

"எடுத்துரட்டுமா ஆசானே? இல்ல, கெடந்துட்டுப் போகட்டும்னு விட்டுரவா?"

ஆசான் எழுந்து, சுவரில் சாய்ந்திருந்த இரண்டு கம்புகளில் ஒன்றை அவரிடம் நீட்டினார். இந்த வயதில் இது எதற்கு என்று தாணு முனகிப் பார்த்தார்.

"பிடிடே."

நிறுத்தியிருந்த பைக்குகளுக்கு நடுவே இருவரும் நின்றார்கள். கம்போடு கம்பு மோதியது. நாலு வீச்சுக்குள் தாணுவுக்கு மூச்சு இரைத்தது. ஆனாலும் கால் எதையும் மறந்திருக்கவில்லை. ஆசானின் தோளில் அடிக்க இடம் தெரிந்தது. ஓங்கினார்.

ஆசான் விரல்களை விரித்தார். கம்பு தரையில் விழுந்து உருண்டது.

தாணுவின் கம்பு தோளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

"ஏன் நின்னுட்ட?"

"உங்க கையில கம்பு இல்லையே."

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. மாதா கோயில் திருவிழாப் போட்டியில் ஒருமுறை எதிராளியின் கம்பு கை நழுவியது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு ஆட வேண்டும் என்பது ஆசானின் களரிச் சட்டம். தாணு எடுத்துக் கொடுத்தார். அடுத்த வீச்சிலேயே தோற்றார். திரும்பும் வழியில் ஆசான் ரசவடை வாங்கித் தந்தார்.

"நல்லபெருமாள் இருக்காரா?" என்றார் ஆசான்.

"இருக்காரு. மக வீட்டுல. வெளிய வாறதே இல்ல."

தாணு கம்பைத் தாழ்த்தினார். சட்டைப்பையிலிருந்த தாள் வியர்வையில் நனைந்திருந்தது.

"எடுத்துருதேன் ஆசானே. அதான் மரியாதை."

"புத்தகத்துல இல்லேன்னா, டீக்கடையில அவரைச் சொந்தப் பேரு சொல்லிக் கூப்பிடுவானா? அவரு கேட்ட அரைப் பக்கம் கெடைச்சிருமா?"

தாணு தலை குனிந்தார். பின்னே என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

ஆசான் வெறுங்கையை நீட்டியபடியே நின்றார்.

"எனக்கு முட்டு மடங்காதுடே. கீழ கெடக்கு பாரு, எடுத்துத் தா. ஆட்டம் இன்னும் முடியல."