முகத்துவாரத்துக் கொடுவா

ஐப்பசி பிறந்து பன்னிரண்டாம் நாள், சாயங்காலம். துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். படகுகளெல்லாம் கரையேறிக் கிடந்தன. ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தில், கருங்கல் கொட்டிய மேட்டின்மேல், இரண்டே பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவர் தூண்டில் சாமி. எந்த ஊர்க்காரர் என்று யாருக்கும் தெரியாது. தினம் ஒரு மீன்தான் பிடிப்பார். அது கிடைத்ததும் தூண்டில் நரம்பைச் சுற்றி வைத்துவிடுவார்.

மற்றவன் தேசப்பன். சாமியைவிட ஐந்து வயது மூத்தவன். முப்பது வருஷம் சொந்தப் படகில் கடலுக்குப் போனவன். போன ஐப்பசியில் கூண்டு ஏற்றியிருந்தும் கேட்காமல் போனான். திரும்பும்போது இதே முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. கூட வந்த தங்கை புருஷன் வைத்தி கரை சேரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. அன்றோடு தேசப்பன் படகைத் தொடுவதை விட்டான். சாமியின் காலில் வந்து விழுந்தவன், அங்கேயே தங்கிவிட்டான்.

“சாமி, ஒரு வருஷமாச்சு” என்றான். “நீங்க சொன்னதெல்லாம் செய்யறேன். மனசு அடங்கலை. எப்பதான் அடங்கும்?”

சாமி உயிரோடிருந்த மடவை மீன் ஒன்றைத் தூண்டிலில் கோத்து, ஆற்றின் செந்நீர் கடலோடு கலக்கும் இடம் பார்த்து வீசினார். மழைத் தண்ணீர் இறங்குகிற நாட்களில் கொடுவா மீன் அங்கேதான் இரைக்குக் காத்துக்கொண்டு நிற்கும்.

கொஞ்ச நேரத்தில் நரம்பு வெட்டி இழுத்தது. பெரிய மீன். சாமி நரம்பைத் தேசப்பன் கையில் கொடுத்தார்.

“பிடி.”

“இழுக்கட்டுமா சாமி?”

“வேண்டாம்.”

“பின்னே?”

“இழுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். சும்மா பிடிச்சிரு.”

தேசப்பன் பிடித்துக்கொண்டிருந்தான். கொடுவா நீருக்குமேல் துள்ளி, செவுளை விரித்துத் தலையை உதறிற்று. விழுந்தது. ஓடியது. மறுபடி துள்ளியது. நரம்பு அவன் விரலை அறுத்தது. நேரம் போகப்போக மீன் துள்ளுவது குறைந்து, சாய்ந்து சாய்ந்து நீந்தத் தொடங்கியது.

“கரைக்கு இழுத்துப் போட்டுடறேன் சாமி.”

“வேண்டாம்.”

“அப்ப அறுத்தாவது விட்டுடறேன். எங்கயாவது போய்ப் பொழைக்கட்டும்.”

“வேண்டாம்.”

“சாவும் இல்லாம பொழைப்பும் இல்லாம இப்படி வச்சிருக்கறது பாவம் சாமி!”

“உன் தங்கச்சி இப்ப எங்கே நிக்கறா?” என்று கேட்டார் சாமி.

தேசப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். தெற்கே, படகுகள் கிடக்கிற இடத்தில் குணவதி நின்றுகொண்டிருப்பாள். விடியலில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. நெற்றியில் பொட்டோடு, கழுத்தில் தாலியோடு. சிலோன் பக்கம் ஏதோ ஒரு ஜெயிலில் புருஷன் இருப்பதாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

“மாப்ளை காலி கேனைப் புடிச்சிக்கிட்டுத் தெற்கால மிதந்து போனாரு, எவனாவது ஏத்தியிருப்பான்னு அவகிட்ட சொன்னேன்” என்றான் தேசப்பன். “அது பொய் சாமி. கேனும் இல்ல ஒண்ணும் இல்ல. கவுந்த படகு மேல நான் தொத்திக்கிட்டிருந்தேன். அவரு என் கையைப் புடிச்சிருந்தாரு. அலை வந்துச்சு. ரெண்டு பேரும் போயிருவோம்னு தோணுச்சு. உதறிட்டேன். என் கண்ணு முன்னாலதான் முங்குனாரு.”

தேசப்பன் நரம்பை இழுத்தான். மீனைக் கல்லின்மேல் ஏற்றி, தலையில் ஒரே அடி அடித்தான். அது அடங்கியது. நரம்பைச் சாமி பக்கத்தில் வைத்துவிட்டு, மேட்டிலிருந்து இறங்கித் தெற்கே நடந்தான்.

குணவதி அவன் வருவதைப் பார்த்து நாலு எட்டு எதிரே ஓடிவந்தாள்.

“என்னண்ணே? சேதி ஏதாச்சும் வந்துச்சா?”

அவன் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை.

அவள் அழவில்லை. கூச்சல் போடவும் இல்லை. மணலில் உட்கார்ந்தாள்.

“எம்மா நேரம் உன் கையைப் புடிச்சிருந்தாரு?”

“தெரியலம்மா.”

“எதுனா சொன்னாரா?”

“மச்சான்னு கூப்புட்டாரு.”

குணவதி கடலைப் பார்த்தாள். இந்த ஒரு வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை. தேடாமல் பார்த்தாள்.

“போ” என்றாள். “இனிமே என் வாசலை மிதிக்காதே.”

வைத்திக்குக் காரியம் நடந்தது. உடல் இல்லாததால் ஒரு சட்டையையும் வேட்டியையும் வைத்துச் செய்தார்கள். கூடப் பிறந்தவன் போடவேண்டிய கோடிச் சேலையை குணவதி ஒன்றுவிட்ட தம்பியிடம் வாங்கிக்கொண்டாள். தேசப்பன் கொண்டுபோன சேலையை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஊரில் அவனோடு பேச ஆளில்லை. டீக்கடையில் அவன் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாயிற்று.

சாமியிடம் திரும்பி வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. சாமி வழக்கம்போலக் கல்மேட்டில் இருந்தார்.

“சொல்லிட்டேன் சாமி” என்றான். “இருந்த ஒரு உறவும் போச்சு. சொன்னா பாரம் இறங்கும்னு நெனச்சேன். இப்ப முன்னைவிட மோசம். கண்ணை மூடினா அந்தக் கைதான் தெரியுது. நான் சொன்னதுல யாருக்கு என்ன கெடச்சுது?”

“குணவதி எப்படி இருக்கா?”

“நான் எங்க பாக்கறது? பக்கத்து வீட்டுக்காரி சொன்னா.”

“என்ன சொன்னா?”

“மூணு நாளா தூங்கறாளாம். எழுப்பினா ரெண்டு வாய் கஞ்சி குடிச்சிட்டு மறுபடி படுத்துக்கறாளாம். கரைப்பக்கமே வரலையாம்.”

சாமி தலையில் போட்டிருந்த கோணிச் சாக்கை எடுத்து உதறி, அவன் தோளில் போர்த்தினார்.

“அப்ப நீ முழிச்சிரு” என்றார்.