சூரியகுலத்து எச்சில்

கருங்கோட்டையை ஆண்ட செங்கதிர் மாறனுக்குச் சோற்றைவிடக் குலப்பெருமைதான் ருசி. "சூரியனின் பேரனே" என்று ஆஸ்தானப் புலவர் உலகளந்தார் பாடினால்தான் காலையில் பல்லே தேய்ப்பார்.

அந்தச் சபைக்கு ஒரு யவன வைத்தியர் வந்தார். கண்ணாடிக் குப்பியில் எச்சிலைத் துப்பினால் போதும், மருந்து கலந்து பார்த்து முன்னோர் யாரென்று சொல்லிவிடுவாராம். மன்னர் ஆசையாகத் துப்பினார். வைத்தியர் குப்பியை ஆட்டினார், முகர்ந்தார்.

"அரசே, உங்கள் முன்னோர் கழுதைமேல் மூட்டை ஏற்றி ஊர் ஊராக உப்பு விற்றவர்கள்."

சபையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். புலவர் துள்ளி எழுந்தார். "பச்சைப் பொய், அரசே. இவன் தலையை வாங்குங்கள்."

மன்னர் மந்திரி தேனப்பனைப் பார்த்தார். "இருவரில் யார் சொல்வது உண்மை? நீர் சொல்லும். பொய் சொன்னவன் தலை போகும்."

தேனப்பன் மனதுக்குள் கணக்குப் போட்டார். வைத்தியர் பக்கம் பேசினால் தன் தலைக்கே ஆபத்து. புலவர் பக்கம் பேசினால் ஒரு பாவமும் அறியாத மனிதன் சாவான். சாளரத்துக்கு வெளியே உச்சி வெயில் கொளுத்தியது. அதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு வழி தோன்றியது.

"என்னை ஏன் கேட்க வேண்டும், அரசே? உங்கள் தாத்தா மொட்டைமாடிக்கு நேர் மேலேதான் நிற்கிறார். அவரையே கேட்போம். பெரியவர் முன்னால் கிரீடமும் செருப்பும் மட்டும் வேண்டாம்."

மன்னருக்கு அது நியாயமாகப் பட்டது. வெறுந்தலையும் வெறுங்காலுமாக மாடி ஏறினார். சபையே பின்னால் போய், நிழல் பார்த்து ஒதுங்கி நின்றது.

மன்னர் கொஞ்ச நேரம் கம்பீரமாக நின்றார். பிறகு ஒரு காலைத் தூக்கினார். அப்புறம் அடுத்த காலை.

"தேனப்பரே, குடை."

"தாத்தா ஆசையாகத் தடவிக் கொடுக்கிறார், அரசே. குடை பிடித்தால் மனம் நோவாரே."

மன்னர் இன்னும் இரண்டு குதி குதித்தார். "தாத்தாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நான் உப்பு விற்றவன் பேரன். குடையைக் கொண்டு வாரும்."

வைத்தியர் பிழைத்தார். நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தபோதுதான் மன்னருக்குப் புலவர் நினைவு வந்தது. "அப்படியானால் பொய் சொன்னது நீர்தானே?"

புலவர் தேனப்பனைப் பார்த்த பார்வையில் பாட்டும் இல்லை, பெருமையும் இல்லை.

"முழுப்பொய் இல்லை, அரசே," என்றார் தேனப்பன். "வெயில் இல்லாமல் உப்பு விளையுமா? உங்கள் குலத்துக்குச் சோறு போட்டவர் சூரியன்தான். புலவர் உறவுமுறையில்தான் தடுமாறிவிட்டார். சூரியன் உங்களுக்குத் தாத்தா இல்லை, முதலாளிதான்."

மன்னர் சிரித்த சிரிப்பில் மோர் மூக்கில் ஏறியது. இருமிக்கொண்டே கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றித் தேனப்பனிடம் நீட்டினார்.