ஏட்டையாவின் செம்பருத்தி

மடத்துச் செம்பருத்தி செத்துக்கொண்டிருந்தது. தண்டெல்லாம் மாவுப்பூச்சி. பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல.

செடி மாசிலாமணியுடையது. முப்பது வருஷம் போலீசில் ஏட்டு. மனைவி போனபின், அவள் வளர்த்த செடியில் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு மடத்துக்கு வந்தவர். வீடு கைமாறிவிட்டது. தாய்ச்செடியும் இல்லை. இருப்பது இது ஒன்றுதான்.

மற்றதுக்குப் பரவுமுன் வெள்ளிக்கிழமை வெட்டி எரித்துவிட வேண்டும் என்றார்கள் மடத்தார்.

ஏட்டையா சும்மா இருக்கவில்லை. தினமும் விடிந்ததும் பூச்சி பிடித்தார். பிடிக்கப் பிடிக்கப் பெருகியது. வியாழனன்று குருவிடம் போய் நின்றார். குரு அவரைவிட இருபது வயது இளையவள்.

பிடித்துப் போட்ட டப்பாவைக் கேட்டாள். சோப்புத் தண்ணீரில் பெரிது பெரிதாய், சடை தொங்கும் வெள்ளைப் பூச்சிகள் மிதந்தன.

"சின்னதெல்லாம் எங்கே ஐயா?"

"விட்டுட்டேன் அம்மா. கும்பல்னா முதல்ல தலைவனைத் தூக்கணும்."

"இதுதான் தலைவன்னு யார் சொன்னது?"

"தொட்டா ஓடுதே. சின்னதுக இடத்தை விட்டு நகரலை. தப்புப் பண்ணாதவன் ஏன் ஓடறான்?"

அவள் சிரிக்கவில்லை. செடியில் தேடி, டப்பாவுக்குத் தப்பிய சடைப்பூச்சி ஒன்றைக் காட்டினாள். எதிரே உட்காருங்கள், கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெயில் ஏறியது. சடைப்பூச்சி ஒரு மாவுப்பூச்சியிடம் போனது. தின்றது. அடுத்ததிடம் போனது. ஏட்டையாவுக்கு முழங்கால் மரத்தது. எழவில்லை.

மதியம் அவள் சோற்றுத் தட்டோடு வந்தாள். அவர் வாங்கவில்லை.

"அவ செடியை நானே கொன்னுட்டேன் அம்மா."

"சாப்பிடுங்க. நாளைக்கு வெட்ட வேணாம்னு சொல்லியாச்சு."

தண்டில் வேப்பெண்ணெய்த் துணி சுற்றச் சொன்னாள், எறும்பு ஏறாமலிருக்க. மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பை மாமூலாக வாங்கிக்கொண்டு அதற்குக் காவல் நிற்பது எறும்புதான் என்றாள். மாமூல் என்றதும் ஏட்டையா தலையைக் குனிந்துகொண்டார்.

ஒன்றரை மாதத்தில் முதல் பூ. பறித்துக்கொண்டு ஓடினார். அவள் காலடியில் வைத்து, நீங்கள்தான் காப்பாற்றினீர்கள் என்றார்.

அவள் பூவை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். செடியருகே கூட்டிப்போய் ஓர் இலையைத் திருப்பினாள். மிளகைவிடச் சிறிய வண்டு. கருத்த முதுகு, செம்மஞ்சள் தலை. சடை எல்லாம் உதிர்ந்திருந்தது.

"யாரும்மா இது?"

"உங்க கைக்குச் சிக்காம ஓடினவன்."