பத்தடி என்று சொன்ன கோடு

ஒரு காலத்தில், ரொம்பப் பழைய காலம் எல்லாம் இல்லை, போன ஆவணி மாதம்தான், திண்டுக்கல்லில் ஒரு கணினிக்குள் ஒரு வீடு இருந்தது. வீடுகளுக்குப் பிளான் போடுகிற ரெஜினா வரைந்த வீடு அது. வெளியே இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. உள்ளே அதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.

அந்தப் பிளானில் அளவுக்கோடுகள் குடியிருந்தன. ஓர் அளவுக்கோட்டின் வேலை எளிது. இந்தச் சுவரை ஒரு கையாலும் எதிர்ச்சுவரை மறு கையாலும் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நடுவே எத்தனை அடி இருக்கிறதோ, அந்த எண்ணைத் தலையில் வைத்திருக்க வேண்டும். சுவர் நகர்ந்தால் கோடும் நீளும், எண்ணும் தானாக மாறும். ஆனால் அந்த மென்பொருளில் இன்னொரு வசதியும் உண்டு. எண்ணை அழித்துவிட்டுப் பிடித்த எண்ணைத் தட்டி வைக்கலாம். கோடு ஒன்றும் செய்ய முடியாது.

சமையலறைக்கோட்டுக்கு ஒன்பது. பக்கத்தில் ஹால்கோட்டுக்குப் பதினான்கு. இருவருக்கும் கீழே நீளமாகப் படுத்திருந்த மொத்தக்கோட்டுக்கு இருபத்துமூன்று. குளியலறைக்கோட்டுக்கு ஐந்துதான். அதற்குத் தீராத மனக்குறை.

வீட்டுக்காரர் வேலாயுதம் வெங்காய மண்டி வைத்திருந்தார். பழனியில் இருக்கும் அவருடைய தங்கை வீட்டுச் சமையலறை பத்தடி. அதனால் அவருக்கும் பத்தடி வேண்டும்.

"அவ வீட்டுல பத்து, நம்ம வீட்டுல ஒன்பதா? மண்டியில என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டாங்களா மேடம்?"

"மண்டியில இருக்கிறவங்க உங்க சமையலறைக்கு எதுக்கு சார் வர்றாங்க?" என்றாள் ரெஜினா.

அவர் கேட்கவில்லை. வந்தார், போனார், போன் செய்தார். பத்து, பத்து, பத்து. கடைசியில் ரெஜினாவுக்குத் தலை வலித்தது. சமையலறைக்கோட்டின் மேல் இரண்டு தட்டு தட்டினாள். ஒன்பதை அழித்தாள். பத்து என்று போட்டாள். வேலாயுதத்தின் முகம் மலர்ந்தது.

கோட்டுக்கோ தலைகால் புரியவில்லை.

"எல்லாரும் பார்த்துக்குங்க. நான் பத்து!"

"நான் ஓர் அங்குலம்கூட நகரலையேப்பா," என்றது சுவர்.

"உன்னை யாரு கேட்டா? ஜனங்க எண்ணைத்தான் படிக்கிறாங்க."

மொத்தக்கோடு விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தது. "பத்தும் பதினாலும் இருபத்துநாலு. நான் இருபத்துமூணு. மிச்ச ஓர் அடியை நான் எங்கே வைக்கிறது? பக்கத்து வீட்டுக் கிணத்துலயா?"

"இதுக்குப் போய் ஏன் கவலைப்படுறே? நீயும் ஒண்ணு கூட்டிக்கோ," என்றது சமையலறைக்கோடு.

குளியலறைக்கோடு துள்ளியது. "அப்போ நானும் நாப்பது! எனக்குள்ள ஒரு கல்யாணமே நடக்கட்டும்!"

"மாப்பிள்ளை துண்டோடதான் வரணும்," என்றது சுவர்.

அஸ்திவாரம் தோண்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். பிளானை அச்செடுத்துக் கொடுக்க வேண்டிய அன்று, வேலாயுதம் தன் மனைவி சௌந்தரியையும் அழைத்து வந்தார். "பாரு, பத்தடி!" என்று திரையைக் காட்டினார். தன்னை யாரோ மேடையேற்றிவிட்டதுபோல் கோடு விறைத்து நின்றது.

சௌந்தரி உற்றுப் பார்த்தாள். "ஏம்மா, பத்தடின்னா நாங்க வாங்கி வச்சிருக்கிற சாப்பாட்டு மேசையை இங்கேயே போட்டுறலாம்ல? தோசையைத் தூக்கிக்கிட்டு ஹாலுக்கு ஓட வேண்டாம்."

"போட்டுக் காட்டுங்க மேடம்," என்றார் வேலாயுதம் பெருமையாக.

ரெஜினாவுக்கு வியர்த்தது. மறுக்க வழியில்லை. அவர்கள் சொன்ன அளவில் ஒரு மேசையையும் நாற்காலிகளையும் பிளானுக்குள் இழுத்துவிட்டாள். மேசை நேராக உள்ளே வந்து உட்கார்ந்தது. கடைசி நாற்காலி சுவருக்குள் புகுந்துவிட்டது.

"ஐயோ, குத்துது!" என்றது சுவர்.

"பத்தடின்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தாங்க?" என்று அலறியது மேசை. "யாரு சொன்னது?"

எல்லோரும் சமையலறைக்கோட்டைப் பார்த்தார்கள். அது கூரையைப் பார்த்தது. பிளானில் கூரையே இல்லை.

வெளியே சௌந்தரி கேட்டாள். "அந்த நாற்காலி சுவருக்குள்ள உக்காந்திருக்கே. அதுல யாரு உட்கார்றது?"

"உங்க அண்ணன் வந்தா உட்காரட்டும்," என்றார் வேலாயுதம்.

ரெஜினா சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த மௌஸின் அம்புக்குறி மெல்ல மேசையை நோக்கி நகர்ந்தது. மேசையைக் கொஞ்சம் சின்னதாக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது.

மேசைக்குப் புரிந்துவிட்டது. "என்னைச் சுருக்காதீங்கம்மா! படத்துல நான் சுருங்கிடுவேன். அவங்க வீட்டுல இருக்கிற நான் சுருங்க மாட்டேன். அந்த அம்மா நிஜமாவே நாற்காலியை இழுப்பாங்க, நிஜமாவே சுவர்ல இடிப்பாங்க!"

அது ரெஜினாவுக்குக் கேட்கவில்லை. கோட்டுக்குக் கேட்டது. முதல்முறையாகத் தன் இரண்டு கைகளையும் குனிந்து பார்த்தது. அவை ஒன்பதடியில்தான் இருந்தன, எப்போதும்போல. தலையில் இருந்த பத்து திடீரென்று இரவல் தொப்பிபோல் கனத்தது. இன்று தன்னால் மேசை பொய் சொல்லும். நாளை சுவர் சொல்லும். அப்புறம் இந்த வீட்டில் எதை நம்பி யார் உட்காருவது?

கோடு எக்கி, மேசைக்கும் அம்புக்குறிக்கும் நடுவே குறுக்கே விழுந்தது.

ரெஜினா தட்டியது மேசைமேல் படவில்லை, கோட்டின்மேல் பட்டது. திரையின் ஓரத்தில் கோட்டின் ஜாதகமே பெட்டியாகத் திறந்தது. எழுதிய எண் பத்து. அதற்கு மேலே, உண்மை அளவு ஒன்பது.

வேலாயுதம் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். "இது என்ன மேடம், ஒன்பதுன்னு போட்டிருக்கு?"

ரெஜினா மௌஸிலிருந்து கையை எடுத்தாள். "ஒன்பதுதான் சார். நீங்க விடாம கேட்டீங்க, நான் பத்துன்னு எழுதிட்டேன். தப்புதான்."

"ஏமாத்துனீங்களா?"

"அவங்க எங்கே ஏமாத்துனாங்க? நீங்கதான் எழுதச் சொன்னீங்க, எழுதுனாங்க," என்றாள் சௌந்தரி. "ஏம்மா, நிஜமாவே பத்து வேணும்னா என்ன செய்யணும்?"

"நடுச்சுவரை நகர்த்தணும்மா. ஹால்ல ஓர் அடி போயிடும்."

"என் ஹாலா?" வேலாயுதம் எழுந்தே விட்டார். "நான் டிவி பார்க்கிற இடமாச்சே!"

"காலை நீட்டித்தானே பார்க்கிறீங்க? மடக்கிக்குங்க."

அவர் ரெஜினாவைப் பார்த்தார். ரெஜினா வேலை இருப்பதுபோல் விசைப்பலகையைத் துடைத்தாள்.

"சரி, நகர்த்துங்க," என்றார் வேலாயுதம், பல் பிடுங்கக் கொடுத்தவர் குரலில்.

ரெஜினா முதலில் பொய் எண்ணை அழித்தாள். பிறகு சுவரைப் பிடித்துத் தள்ளினாள். சுவர் முக்கி முனகி நகர்ந்தது. ஹால்கோடு பதிமூன்றாகச் சுருங்கி, "நான் யாருக்கு என்ன பண்ணினேன்?" என்று மூக்கைச் சிந்தியது. மொத்தக்கோடு மறுபடி கூட்டிப் பார்த்து நிம்மதியாகப் படுத்துக்கொண்டது. சுவரிலிருந்து வெளியே வந்த நாற்காலி முதுகைத் தடவிக்கொண்டது.

சமையலறைக்கோடோ ஒரு கையில் சுவர் இழுக்க, மறு கையில் சுவர் பிடிக்க, நரம்பு தெறிக்க நீண்டு நின்றது. யாரும் எழுதாமலே அதன் தலையில் பத்து வந்து உட்கார்ந்தது.

குளியலறைக்கோட்டுக்கு விளங்கவில்லை. "அப்பவும் பத்து, இப்பவும் பத்து. இதுல என்ன வித்தியாசம்?"

"அது தலைக்கேறின பத்து," என்றது கோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. "இது இடுப்பு வலிக்கிற பத்து."