எண்பது பசுக்களும் இருபது வாடகை வீடுகளும்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைக் கேட்காதீர்கள், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்த நாட்டை மகுடபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனிதர். ஆனால் காலையில் ஓர் ஆசை, மாலையில் ஓர் ஆசை என்று மந்திரிமாரின் உயிரை வாங்குவார்.

ஒருநாள் அரண்மனைப் புறாக்கூண்டைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்கு மூளையில் ஏதோ பளிச்சிட்டது.

"ஒரே கம்பத்தில் நூறு புறா அடுக்கடுக்காகக் குடியிருக்கிறது. என் பிரபுக்களுக்கோ ஆளுக்கு ஒரு தெரு வேண்டியிருக்கிறது! கட்டுங்கள் ஏழு மாடிக் கட்டடம். அதில் நூறு வீடு!"

பிரபுக்கள் எண்பது பேருக்கும் வாயெல்லாம் பல். ராஜாவுக்கு அடுத்த உயரத்தில் இருக்கலாம் என்று எல்லோரும் ஏழாம் மாடி கேட்டார்கள். படிகள் நூற்று இருபத்தாறு என்று தெரிந்ததும் எல்லோரும் முதல் மாடி கேட்டார்கள்.

கட்டடத்துக்கு இடம் ஆற்றங்கரை மேட்டில் அமைந்தது. அங்கே மாடு மேய்க்கிறவர்கள் இருபது குடும்பம் குடிசை போட்டிருந்தார்கள். ராஜா இரக்கமுள்ளவர், அதனால் சபையிலேயே வாக்குக் கொடுத்தார். "நூறு வீட்டில் இருபது அவர்களுக்கு. அவர்களால் முடிந்த வாடகைக்கு."

இந்தச் செய்தியை மேட்டுக்குக் கொண்டுபோனவன் அரண்மனை விகடகவி பிச்சாண்டி. குடிசையைப் பிரிக்க மாட்டோம் என்று நின்றவர்களிடம், "ராஜா சொல் இருக்கிறது. அது போதாதென்றால் நான் இருக்கிறேன்" என்று மார்தட்டிவிட்டு வந்தான். அவர்களும் அவன் பேச்சை நம்பிக் குடிசைகளைப் பிரித்துக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் ஓலைத் தடுப்புப் போட்டுக்கொண்டார்கள்.

வருடம் ஒன்று ஓடியது. கட்டடம் எழும்பி நின்றது. பிரதானி செண்பகராயர் பட்டுத்துணியில் வரைந்த வரைபடத்தை ராஜா முன் விரித்தார். பிச்சாண்டி எட்டிப் பார்த்தான். நூறு வீட்டிலும் பெயர் எழுதியிருந்தது. எண்பதில் பிரபுக்களின் பெயர். மீதி இருபதில் பிரதானியின் மைத்துனர்மார், சகலைமார், மைத்துனரின் சகலைமார்.

"பிரதானியவர்களே, வாடகைக் குடிகள் எங்கே?" என்றான் பிச்சாண்டி.

செண்பகராயர் மாடிப்படிக்கு அடியில் விரலை வைத்தார். அங்கே வெற்றிலை அளவில் இருபது கட்டங்கள் வரைந்திருந்தன.

"இதில் ஆள் நிற்பதா, படுப்பதா?"

"முறை வைத்துக்கொள்ளலாம்."

"வாசல்?"

"குதிரை லாயத்தின் வழியாக. முன்வாசல் பிரபுக்களுக்கு."

ராஜா முகம் சுளித்தார். பிரதானி சட்டென்று குரலைத் தேனாக்கிக்கொண்டார். "மகாராஜா, தங்கள் வாக்கை மீற அடியேன் யார்? ஆனால் மாட்டு வாடையோடு ஒரே படியில் ஏறுவதற்குப் பிரபுக்கள் கூசுகிறார்கள். அவர்களே வந்து, 'இவர்களை எங்கள் பக்கத்தில் குடிவையுங்கள்' என்று தம் வாயால் கேட்டால், நல்ல வீடாகவே இருபது கொடுத்துவிடலாம். அதுவரை அந்த ஆட்கள் கூலி வேலைக்கு மட்டும் உள்ளே வரட்டும். பொழுது சாய்வதற்குள் வெளியேறிவிட வேண்டும்."

பந்தயம் என்றால் ராஜாவுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். "அப்படியே ஆகட்டும்! பிச்சாண்டி, கிரகப்பிரவேசம் முடிந்து பத்து நாள் தருகிறேன். எண்பது பேரும் வந்து கேட்க வேண்டும், பிரதானியும் சேர்த்துத்தான். ஒருவர் குறைந்தாலும் வீடு இல்லை. வீண் நம்பிக்கை கொடுத்த குற்றத்துக்கு நீயும் ஊரைவிட்டுப் போய்விடு."

வீண் நம்பிக்கை கொடுத்தது தானா, ராஜாவா என்று கேட்கப் பிச்சாண்டிக்கு நாக்கு துடித்தது. ஆனால் துடிக்கிற நாக்கை அடக்கத் தெரிந்ததால்தான் அவன் தலை இத்தனை வருடம் கழுத்தில் இருந்தது.

அவன் பரிசலேறி அக்கரைக்குப் போனான். ஐப்பசி மழைக்கு இன்னும் பதினைந்து நாள்கூட இல்லை. ஓலைத் தடுப்புகளைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. அங்கே பெரியவள் வீராயி. அவளிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்.

வீராயி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"மருமவளுக்கு இது நெறமாசம் சாமி" என்றாள். "நீங்க சொன்னீங்கன்னுதான் கூரையைப் பிரிச்சோம். புள்ளைய மழையிலயா பெத்துப்போடச் சொல்றீங்க?"

ஊரையே சிரிக்கவைக்கிறவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த நேரம் பார்த்துப் படித்துறைப் பக்கம் ஒரே கூச்சல். படித்துறை மண்டபத்தின் மேல்தளத்தில் ஒரு பசு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. கீழே பத்துப் பேர் கயிறும் கையுமாகத் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அது ஏன் அங்கே நிற்கிறது?"

"வாழைப்பழத் தோலுக்கு ஆசைப்பட்டு ஏறிருச்சு. மூணு நாளாச்சு. மாடு படி ஏறும் சாமி, எறங்காது. எறங்குற படி அது கண்ணுக்குக் கெணறு மாதிரி தெரியும்."

"இறக்கவே முடியாதா?"

"பழக்கணும். நாளைக்கு ஒரு படின்னு பக்கத்துலயே கெடந்து, பேசிப் பேசிப் பழக்கணும். இது பதினெட்டுப் படி."

பிச்சாண்டி பசுவைப் பார்த்தான். எதிர்க்கரையில் எழும்பி நின்ற ஏழு மாடியைப் பார்த்தான். பிறகு படித்துறையிலேயே உட்கார்ந்துகொண்டு வயிறு குலுங்கச் சிரித்தான். பாவம், ஆளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று வீராயி பயந்தே போனாள்.

மறுநாள் சபையில் பிச்சாண்டி பவ்வியமாக வணங்கினான். "மகாராஜா, ஒரே ஒரு வேண்டுகோள். கிரகப்பிரவேசம் முறைப்படி நடக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் முதலில் பசுவும் கன்றும் நுழைய வேண்டும். ஒரு வீட்டில் நுழைந்த பசு இன்னொரு வீட்டுக்குப் போனால் பிரபுக்களுக்கு மரியாதையாக இருக்காது."

"நியாயம்தானே! அரண்மனைத் தொழுவத்திலிருந்தே கொடுங்கள்" என்றார் ராஜா.

செண்பகராயருக்குச் சந்தேகம் எட்டிப் பார்த்தது. ஆனால் சந்தேகத்தைவிட ஜம்பம் பெரிது. "மற்றவர்களுக்கு ஒன்று போதும். ஏழாம் மாடியில் இருக்கிற எனக்கு இரண்டு" என்றார். எண்பதாம் வீட்டுப் பசுவுக்கு அப்படித்தான் ஒரு துணை கிடைத்தது.

நல்ல நாளில் மேளதாளத்தோடு கிரகப்பிரவேசம் நடந்தது. வீராயியின் ஆட்கள் புல்லுக்கட்டைக் காட்டிக் காட்டி, கழுத்தைத் தடவித் தடவி, பசுக்களை மாடி மாடியாக ஏற்றினார்கள். பசுக்கள் மணியை ஆட்டிக்கொண்டு ஜம்மென்று ஏறின. எண்பது வீட்டிலும் பால் பொங்கியது. பந்தயத்தில் இருந்த இருபது வீடுகள் மட்டும் பூட்டிக் கிடந்தன. பொழுது சாயும் நேரத்தில் மாட்டுக்காரர்கள் கட்டளைப்படி வரிசையாக வெளியேறினார்கள்.

"ஏய், மாட்டைப் பிடித்துக்கொண்டு போ!" என்று மேலேயிருந்து கத்தினார் பிரதானி.

வீராயி கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "ஏத்தத்தான் கூலி பேசினீங்க சாமி. எறக்கப் பேசலையே. பொழுது சாயுது, நாங்க உள்ள நின்னா குத்தமாயிரும்" என்று கும்பிட்டுவிட்டுப் பரிசலேறினாள்.

அதன் பிறகு அந்தக் கட்டடம் பட்ட பாட்டை எப்படிச் சொல்ல!

பிரபுக்கள் தள்ளிப் பார்த்தார்கள். பசு இறங்குகிற படியில் கால்வைக்கவில்லை. வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். இழுத்தவர்கள்தான் உருண்டார்கள். அரண்மனைப் பசு என்பதால் அடிக்கவும் முடியாது. சேனாதிபதி, கட்டடம் கட்டும்போது செங்கல் ஏற்றிய கப்பிக் கயிற்றை வரவழைத்து, பசுவைத் தொட்டிலில் வைத்து இறக்கப் பார்த்தார். பசுவின் கனத்துக்கு, கயிற்றைப் பிடித்திருந்த ஆறு வீரர்கள் சரசரவென்று மேலே போனார்கள். பசு அழகாக ஒரு மாடி இறங்கி, ஆஸ்தான ஜோதிடரின் மாடத்துக்குள் கால்வைத்து, அவருடைய பஞ்சாங்கத்தைத் தின்றுவிட்டது. இப்போது அவர் வீட்டில் இரண்டு பசு. நல்ல நேரம் பார்த்துப் பால் கறக்கலாமென்றால் பஞ்சாங்கமும் இல்லை.

கறக்காத மாடு சும்மா இருக்குமா? எண்பத்தொன்றும் சேர்ந்து அம்மா அம்மா என்று கதறின. சாணத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் ஏழாம் மாடி ஆறாம் மாடியின் தலையில் போட்டது, ஆறு ஐந்தின் தலையில் போட்டது. முதல் மாடிக்குப் போட்டிபோட்டவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

வீராயியின் ஆட்கள் கூப்பிட்டபோதெல்லாம் வரத்தான் செய்தார்கள். விடியலில் புறப்பட்டு, பரிசலுக்குக் காத்துக் கிடந்து, உச்சி வெயிலில் வந்து சேர்ந்தார்கள். புல் வைத்து, கறந்து, ஒரு மாடியைக் கூட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கட்டளை கட்டளைதானே? போய்விடுவார்கள்.

"விடியற்காலையில் வந்து கறக்க வேண்டியதுதானே!" என்று சீறினார் சேனாதிபதி.

"விடியக் கறக்கணும்னா விடியறப்போ நாங்க இங்க இருக்கணும் சாமி" என்றாள் வீராயி. "விடியறப்போ இங்க இருக்கணும்னா இங்கதான் குடியிருக்கணும்."

சேனாதிபதி அன்றே அரண்மனைக்கு ஓடினார். "மகாராஜா, அந்த ஜனங்களை எங்கள் பக்கத்திலேயே குடிவையுங்கள்!" மறுநாள் ஜோதிடர் வந்தார். அப்புறம் பத்துப் பத்துப் பேராக வந்தார்கள். ஒன்பதாம் நாள் முடிவில் எழுபத்தொன்பது பேர் கேட்டாயிற்று. பிரதானி மட்டும் பிடித்த பிடியில் நின்றார்.

பத்தாம் நாள் மேகம் திரண்டது. பிச்சாண்டி அரண்மனை முற்றத்தில் நின்று ஏழாம் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் ஊரைவிட்டுப் போவது பெரிதில்லை. அக்கரை ஓலையில் முதல் தூறல் விழுவதற்குள் அந்த ஒருவர் இறங்கிவர வேண்டும்.

உச்சிப்பொழுதில் ஏழாம் மாடியிலிருந்து செங்கல் கூடை ஒன்று கப்பியில் ஆடி ஆடி இறங்கியது. கூடைக்குள் குந்தியிருந்தவர் செண்பகராயர். ஒரு பசு வாசலை அடைத்துப் படுத்துவிட்டது, இன்னொன்று சமையலறையை அடைத்துப் படுத்துவிட்டது. மனிதர் இரண்டு நாள் பட்டினி. பட்டு அங்கவஸ்திரத்தில் பாதியைக் கன்று மென்றிருந்தது. கூடையோடு தூக்கிக்கொண்டுவந்து அவரைச் சபையில் வைத்தார்கள்.

"மகாராஜா..." என்று முனகினார். "அவர்களை... எங்கள் பக்கத்தில்..."

"காதில் விழவில்லையே, பிரதானி" என்றார் ராஜா.

"குடிவையுங்கள்! என் பக்கத்து வீட்டில்! அந்த வீராயியையே வையுங்கள்!"

உடனே மற்ற பிரபுக்கள் எழுந்துவிட்டார்கள். "அதெப்படி? எங்கள் மாடிக்கு யார்?" "எங்களுக்கு இரண்டு குடும்பமாவது வேண்டும்!" சபை சந்தைக்கடையாகிவிட்டது. பிச்சாண்டி பட்டுத்துணி வரைபடத்தை விரித்தான். மாடிப்படிக்கு அடியிலிருந்த இருபது கட்டங்களை ராஜா தம் கையாலேயே அழித்தார். மைத்துனர்மாருக்கும் சகலைமாருக்கும் வைத்திருந்த இருபது வீடுகளும் குடிகளுக்கு வந்தன. முதல் மாடியில் இரண்டு, மற்ற ஒவ்வொரு மாடியிலும் மும்மூன்று. எல்லோருக்கும் ஒரே முன்வாசல், ஒரே படி. வாடகை அவர்கள் சொன்னதே. கட்டடம் நிற்கிறவரை இந்த ஏற்பாடு நிற்கும் என்று செப்பேட்டில் பொறித்து முத்திரையும் வைத்தாயிற்று.

அன்று மாலை, தூறல் தொடங்குவதற்குள், வீராயி மருமகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஏழாம் மாடி ஏறினாள். பின்னால் ராஜாவே மூச்சிரைக்க ஏறினார். புதுவீட்டு நிலைப்படியில் வீராயி தயங்கினாள்.

"பால் பானை இருக்கு. உள்ள முதல்ல பசு நுழையணுமே, சாமி?"

அவ்வளவுதான். அந்த மாடியில் இருந்த கதவெல்லாம் படபடவென்று திறந்தன. "எங்கள் பசுவை எடுத்துக்கொள்ளுங்கள்!" "எங்கள் பசு லட்சணமானது!" "கன்றையும் வைத்துக்கொள்ளுங்கள், திருப்பித் தர வேண்டாம்!" செண்பகராயர் தம் இரண்டு பசுக்களையும் முதுகு கொடுத்துத் தள்ளிக்கொண்டு வந்து, வழுக்கி, வீராயியின் காலடியில் விழுந்தார்.

வீராயி அவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். "பக்கத்து வீட்டுக்காரர் ஆயிட்டீங்க. ரெண்டு நாளாச் சாப்பிடலையாமே? உள்ள வந்து ஒரு வாய் பால் குடிங்க சாமி" என்றாள். பிரதானி உள்ளே போய் உட்கார்ந்தார். இரண்டு செம்பு குடித்தார்.

ராஜா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வழிய, மகுடம் சரியச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டியின் கழுத்தில் போட்டு, ஆயிரம் பொன்னும் அறிவித்தார். ஜன்னல் வழியாக மழையையும் ஆற்றையும் பார்த்தவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"அடடா, என்ன காற்று! பிச்சாண்டி, நானும் இங்கேயே ஒரு வீட்டுக்குக் குடிவந்துவிடலாமா?"

"தாராளமாக, மகாராஜா. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. ராஜா குடிபுகும் வீட்டில் முதலில் பட்டத்து யானையல்லவா நுழைய வேண்டும்?"

எண்பது பிரபுக்களும் மாடிப்படியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள்.