மூன்றாம் அங்கி

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர், எங்கள் பள்ளியில் வரலாறு கற்பித்த செபத்தியம்மாள். கேள்வியோடு நிறுத்திவிட்டு, விடையைச் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்.

பழைய சீன நாட்டில், பாட்டுத் திரட்டுவதற்கென்றே அரண்மனையில் ஓர் அதிகாரி இருந்தார். குடிகளின் குறையை அவர்கள் பாடும் பாட்டிலிருந்து பேரரசர் அறிந்துகொள்ள வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதனால் புலவர் சிலர் நிலவையும் மதுவையும் பாடுவதை விட்டுவிட்டு, வரி கட்ட முடியாதவர் வாசலில் போய் நின்றார்கள். வெய் லின் அவர்களில் ஒருவன். காணாத ஒன்றை எழுதமாட்டான், கண்டதில் ஒன்றையும் விடமாட்டான் என்று அவனுக்குப் பெயர்.

ஓர் இலையுதிர்காலப் பிற்பகலில், நாணல்துறை என்ற ஆற்றோர ஊரில், ஆசின் என்னும் கைம்பெண்ணின் தாழ்வாரத்தில் அவன் மழைக்கு ஒதுங்கினான்.

ஆசினுக்கு மூன்று மகன்கள். மூத்தவர் இருவரையும் படைக்கு ஆள்பிடிப்பவர்கள் வடக்கு எல்லைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடைக்குட்டி பிங் காய்ச்சலில் இறந்துவிட்டதாக அவள் ஊரை நம்பவைத்திருந்தாள். உண்மையில் அவன் வீட்டில் தானியம் கொட்டிவைக்கும் மண்குதிருக்குள் ஒளிந்திருந்தான். விளைந்ததெல்லாம் வரிக்குப் போய்விட்டதால், குதிரில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது.

அவள் அப்போது துணி அடித்துக்கொண்டிருந்தாள். முரட்டுத் துணியைக் கல்லில் வைத்துக் கட்டையால் அடித்து, மெத்தென்று ஆக்கி, குளிருக்கு அங்கி தைப்பது அந்நாட்டுப் பெண்களின் வேலை.

“மூன்று அங்கிக்குத் துணி இருக்கிறதே, தாயே! எத்தனை பிள்ளைகள்?”

“எல்லையில் இரண்டு பேர் ஐயா.”

“அப்படியானால் மூன்றாவது?”

“கை பழகிவிட்டது. மூன்றாகத்தான் வெட்டுகிறது.”

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. விதைக்கு வைத்திருந்த தினையில் வந்தவனுக்கென்று ஓர் உழக்கு கூடுதலாக அளந்து அவள் கஞ்சி காய்ச்சினாள். அவன் உள்ளே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கிண்ணத்தைக் குதிரின் அருகில் வைத்து, “இறந்துபோன சின்னவனுக்குப் படையல்” என்றாள். புலவன் தலை வணங்கினான்.

மழை விட்டதும் இருவரும் வாசலுக்கு வந்தார்கள். மறந்துபோன ஓலைத்தொப்பியை எடுக்க அவன் உள்ளே திரும்பினான். பின்னாலேயே அவள் ஓடினாள். குதிரருகே இருந்த கிண்ணம் நக்கித் துடைத்ததுபோல் வெறுமையாக இருந்தது. அவன் கண் அதில் ஒரு கணம் நின்றதை ஆசின் பார்த்தாள். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு, “உங்கள் பெயரை எழுதமாட்டேன், தாயே. உண்ட தினையைத் திருப்பித் தருவேன்” என்று சொல்லிப் போனான்.

குளிர்காலம் தொடங்குமுன் பாட்டு தலைநகரை அடைந்தது.

“கல்லின்மேல் மூன்று அங்கி, எல்லையில் இரண்டு பிள்ளை;
மண்ணுக்குள் இருப்பவனுக்கும் குளிருமென்று அடிக்கிறாள் தாய்.”

பேரரசர் அழுதார். அந்த வட்டாரத்துக்குத் தானிய வரியை நிறுத்தச் சொன்னார். எந்த வட்டாரம் என்பதைப் புலவன் எழுதவில்லை, கேட்டபோதும் சொல்லவில்லை. ஊர் தெரியாமல் யாருக்கு வரியை நிறுத்துவது? பாட்டுத் திரட்டும் அதிகாரி, புலவனை ஏற்றிவந்த ஓடக்காரனை விசாரித்து நாணல்துறையைக் கண்டுபிடித்தார். வரி நின்றது.

“உன்னைப் பாடிய பாட்டால்தான் அக்கா எனக்குப் பால் ஊறுகிறது” என்று பக்கத்து வீட்டுச் சூன்மெய் கைக்குழந்தையோடு வந்து ஆசினின் காலைத் தொட்டாள். அதற்கு முன் அவளுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் குளிர்காலம் தாண்டவில்லை.

அந்தக் குழந்தை தவழத் தொடங்கிய நாளில் ஆள்பிடிப்பவன் வந்தான். பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

“பேரரசரையே அழவைத்துவிட்டாயே, அம்மா! நானும் அழலாமென்று பார்த்தேன், வரவில்லை. என் அம்மாவும் துணி அடித்தவள்தான். செத்தவனுக்கு அங்கியைத் தீயில் போட்டு அனுப்புவோம். எரிக்கப்போகிற துணியை எந்தத் தாயம்மா மெத்தென்று அடிப்பாள்?”

அவன் வீட்டுக்குள் நடந்து, மண்குதிரின்மேல் கைத்தடியால் தட்டினான்.

“மண்ணுக்குள்தானே இருக்கிறான்?”

பிங் தானாகவே எழுந்து வெளியே வந்தான். அடித்துத் தைத்த அங்கியை அவன் தோளில் போட்டுவிட மட்டும் அவளுக்கு நேரம் கிடைத்தது.

இனி நீங்கள் சொல்லுங்கள். பிங்கைப் பிடித்துக்கொடுத்தது யார்? ஊரைத் தேடிச் சொன்ன அதிகாரியா, துணியின் வழக்கம் அறிந்த ஆள்பிடிப்பவனா, கண்டதைக் கண்டபடி எழுதிய புலவனா? சூன்மெய்யின் குழந்தையையும் மனத்தில் வைத்துக்கொண்டு விடை சொல்லுங்கள்.

விடை, ஆசினுடையது. மறு இலையுதிர்காலத்தில் வெய் லின் ஒரு வண்டி நிறையத் தினையோடு வந்து அவள் வாசலில் மண்டியிட்டான். கல்லின்மேல் மூன்று அங்கிக்குத் துணி கிடந்தது. இப்போது மூன்றும் எல்லைக்கு. அவள் அடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்: “கண்டதில் ஒன்றையும் விடமாட்டீர்களாமே ஐயா. பாட்டில் கிண்ணம் எங்கே?” வெறுங்கிண்ணத்தை எழுதினால் உள்ளே ஒருவன் உயிரோடு இருப்பது தெரிந்துவிடும் என்று அறிந்துதான் அதை அவன் விட்டிருக்கிறான். அப்படி அறிந்தவன் அங்கியையும் விட்டிருக்க வேண்டும். பாட்டின் அடி அழகாக அமைந்துவிட்டதால் விட மனம் வரவில்லை. சூன்மெய்யின் குழந்தை பிழைத்ததும் அதே அடியால்தான் என்பதால் ஆசின் அவனைச் சபிக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. உள்ளே போய் உழக்கைக் கொண்டுவந்தாள். ஒரு மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, தலைதட்டி அளந்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வண்டியோடு திருப்பி அனுப்பினாள். அவள் திரும்பப் பெற்றது, ஓர் உழக்குத் தினை.